1099 அனுப்பும் முன் டின் மேட்சிங்
டெக்சாஸில் ஒரு சிறு கட்டுமான நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த பணத்தை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099 படிவத்தை அனுப்பும் முன், அவர்களின் பெயரையும் வரி எண்ணையும் (டின்) அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் டின் மேட்சிங் சேவையில் ஒப்பிட்டுவிடுவேன். கட்டணம் கிடையாது. ஒரு தடவைக்கு 25 பேர் வரை உள்ளிடலாம், விடை சில நொடிகளில். 0 வந்தால் பொருத்தம், 3 வந்தால் பொருந்தவில்லை.

போன வருடம் ஒரு தச்சருக்கு 3 வந்தது. ஒப்பந்தக்காரர் தன் பெயரையும் வரி எண்ணையும் எழுதித் தரும் டபிள்யூ-9 படிவத்தின் முதல் வரியில் கடைப் பெயரை எழுதி, தனிநபர் எண்ணான தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்திருந்தார். தனிநபர் தொழில் என்றால் அங்கே அவர் பெயர்தான் இருக்க வேண்டும். சரியான பெயரை இந்தச் சேவை சொல்லாது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். சரி என்று போன் செய்தேன். திருத்திக் கொடுத்தார். அப்புறம் 0. கவனிக்காமல் விட்டிருந்தால், பின்னால் அவர் கூலியில் 24 சதவீதம் வரியாகப் பிடிக்க நேர்ந்திருக்கலாம். வெயிலில் உழைக்கிற மனிதர், எனக்கு மனசு கேட்டிருக்காது.