சிங்க் 20 மில்லிகிராம் குளிசை: இரண்டரை வருடம் மகளுக்குக் கொடுத்த அனுபவம்

வயிற்றோட்டத்துக்கு ஜீவனியோடு (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) சேர்த்துக் கொடுப்பார்களே, தண்ணீரில் கரைக்கிற குளிசை, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் தவறக்கூடாத மருந்து.

மகளுக்குப் பால் மறக்கடித்த கையோடு வாயைச் சுற்றித் தோல் சிவந்து உரிந்தது, வயிற்றோட்டம் நிற்கவில்லை, தலைமயிர், புருவம் எல்லாம் கொட்டியது. காலையில் தலையணை உறையில் பஞ்சு மாதிரி மயிர் ஒட்டியிருக்கும். கல்லடியில் பார்த்தவர்கள் எல்லோரும் கரப்பன் என்றார்கள். ஒரு கடையில் முடி வளரும் என்று தந்த எண்ணெயை இரண்டு மாதம் பூசினேன், புண் எரிந்து பிள்ளை கத்தினதுதான் மிச்சம்.

தோல் டொக்டர் இரத்தத்தில் நாகத்தின் (சிங்க் என்பதும் இதுதான்) அளவைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது: அக்ரோடெர்மடைடிஸ் என்டெரோபதிகா, சாப்பாட்டு நாகம் உடம்பில் சரியாகச் சேராத பரம்பரை நோய். சிறுகுடல் கலங்களில் ஸிப்4 என்று ஒரு புரதம் இருக்கிறது, சாப்பாட்டில் வரும் நாகம் உள்ளே போகிற வாசல் அது. அதை உண்டாக்கும் எஸ்எல்சி39ஏ4 மரபணு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் பழுதாக வந்தால் வாசல் சரியாக வேலை செய்யாது. இந்த மரபணுவை 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். நானும் அவரும் சொந்த மச்சான் மச்சாள், அதனால் ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருந்திருக்கும். மயிர் வேரில் கலங்கள் ஓயாமல் பிரிய வேண்டும், நாகம் இல்லாமல் அது நடக்காது, பிறகு எண்ணெய் என்ன செய்யும்? தாய்ப்பாலில் உள்ள நாகம் சுலபமாகச் சேரும், அதனால்தான் பால் குடித்த காலம் தப்பியிருந்தாள்.

வாசல் பழுதென்றாலும் கூடுதலாகக் கொடுத்தால் வேறு வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும். கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில், அப்போது 7 கிலோ இருந்தவளுக்கு ஒரு குளிசை என்று டொக்டர் தொடங்கினார். நாலாம் நாள் வயிற்றோட்டம் நின்றது, இரண்டு கிழமையில் புண் காய்ந்தது, அப்புறம் ஒரு நாள் குளிப்பாட்டும்போது உச்சியில் கையை வைத்தால் சொரசொரவென்று முளை. அழுதுவிட்டேன்.

குறை என்றால் ருசிதான், இரும்பை நக்கின மாதிரி. வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி எடுப்பாள், குரக்கன் கஞ்சியோடு கொடுத்தால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் நாகத்தைப் பிடித்துவைத்துவிடும், ஆகவே வாழைப்பழத்தோடு கொடுக்கிறேன். முடிக்காகப் பெரியவர்கள் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம், நாகம் கூடினால் செம்பு குறையும். மகளுக்கே இரண்டையும் சோதித்துத்தான் அளவை மாற்றுகிறார்கள்.

மாரியில் வெள்ளம் வந்தால் கடைக்குப் போக முடியாது, அதனால் ஐப்பசியிலேயே மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துவிடுவேன். ஒருமுறை பத்து நாள் தவறியதில் வாய் ஓரத்தில் அந்தப் பழைய சிவப்பு திரும்பி வந்தது.