கிரேயான்கள் எழுதிய 12 கடிதங்கள்

2013-இல் வெளியான 'த டே த கிரேயான்ஸ் க்விட்' படப்புத்தகத்தை எழுதியவர் ட்ரூ டேவால்ட். படங்கள் ஆலிவர் ஜெஃபர்ஸ். டங்கன் என்கிற சிறுவன் கிரேயானைத் தேடினால், கிடைப்பது ஒரு கட்டுக் கடிதம். 12 நிறங்களும் ஆளுக்கொரு கடிதம் எழுதி வைத்திருக்கின்றன.

சாம்பலுக்கு வாய்ப்பதெல்லாம் யானை, காண்டாமிருகம், நீர்யானை, திமிங்கலம். எவ்வளவு பெரிய உடம்புகள்! நடுவே ஒரு பென்குயின் குஞ்சோ கூழாங்கல்லோ கேட்கிறது, பாவம். தேய்ந்து தேய்ந்து குட்டையாகிப்போன நீலத்தால் பெட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. காகிதச் சட்டையை டங்கன் உரித்துவிட்டதால் வெட்கப்பட்டு உள்ளேயே கிடக்கிறது பீச் (peach) நிறக் கிரேயான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது இங்கேதான்.

பச்சைக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் எழுதுகிறது. சூரியனின் நிறம் யார் என்று சண்டை போட்டுக்கொண்டு பேசாமலிருக்கும் மஞ்சளுக்காகவும் ஆரஞ்சுக்காகவும். தனக்கு ஒன்றும் ஆகாதபோதும் அடுத்தவருக்காகப் பேசுவதைக் குழந்தைக்கு இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. இந்தப் பக்கத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள்.

கடிதங்கள் கிரேயான் கையெழுத்தில் இருப்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் தானாகப் படிப்பது சிரமம். பெரியவர்தான் படித்துக்காட்ட வேண்டும். சின்னக் குழந்தைக்கு 12-ஐயும் ஒரே மூச்சில் படித்தால் பாதியில் கவனம் போய்விடும், எல்லாம் ஒரே அச்சில் வரும் புகார்கள் என்பதால். ஆறாவதான கறுப்போடு நிறுத்தி, மறுநாள் பச்சையில் தொடங்குங்கள். அப்போது மஞ்சள், ஆரஞ்சு சண்டை துண்டாகாது.

தமிழில் சொல்லிக்கொண்டே போகிறவர்கள் இடறும் இடம் பேஜ் (beige) நிறம். தன்னை மற்றவர்கள் வெளிர்பழுப்பு என்று அழைப்பதுதான் அதன் குறையே! அகராதியைப் பார்த்து அப்படியே பெயர் வைத்தால் நகைச்சுவை செத்துவிடும். 'பேஜ்' என்றே சொல்லுங்கள்.

கடைசியில் டங்கன் எல்லோரையும் நினைத்து ஒரு படம் வரைகிறான். வானவில் கறுப்பு, திமிங்கலம் ஆரஞ்சு. எந்த நிறத்தின் ஆசை எங்கே நிறைவேறியது என்று குழந்தையே தேடட்டும். அந்தப் படத்துக்கு ஆசிரியர் மதிப்பெண் போடுவது தேவையில்லாத ஒட்டு. பரிவுக்குப் பரிசு எதற்கு?

வெள்ளையின் கடிதம் முடிந்ததும் ஒன்று செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் அழுத்தி ஒரு பூனை வரையச் சொல்லுங்கள். நிறையத் தண்ணீர் கலந்த நீல வாட்டர்கலரை அதன்மேல் தடவினால், மெழுகில் தண்ணீர் ஒட்டாமல் பூனை தெரியும். வண்ணம் கெட்டியாக இருந்தால் கோடு மூடிப்போகும். லேசாக வரைந்திருந்தாலும் தெரியாது.