சவுண்ட்பார் செட்டா, ரிசீவரா? 40,000 ரூபாய்க்குள் ஒரு 5.1

நாற்பதாயிரம் ரூபாய்க்குள் ஹாலில் 5.1 ஒலி (முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) வேண்டும் என்றால் நம் ஊரில் மூன்று வழிகள் உண்டு. பின் ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் சவுண்ட்பார் செட் ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் அசெம்பிள் செய்து தரும் ஆம்ப்ளிஃபயர் இன்னொன்று. மூன்றாவது, ஏவி ரிசீவரும் (டிவி ஒலியை வாங்கிப் பிரித்து எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் பெட்டி) அதற்குத் தனித்தனியாக வாங்கும் ஸ்பீக்கர்களும். நான் எடுத்தது மூன்றாவது. யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

சவுண்ட்பார் செட்டின் வசதி தெரிந்ததுதான்: ஒரே பில், ஒரே ரிமோட், அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். பின் ஸ்பீக்கர் வயர்லெஸ் என்றாலும் அதற்குக் கரண்ட் வேண்டும். சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பின் ஸ்பீக்கரே இல்லாத பாரில் ‘சரவுண்ட்’ என்று போட்டிருந்தால், பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைத்தான் அது பெரும்பாலும் நம்பியிருக்கும். ஒரு பக்கம் பால்கனி திறந்திருக்கும் ஹாலில் அது எடுபடாது. பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை மூன்று வழியிலுமே நம்ப வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது ரிப்பேர். விலை குறைந்த செட்கள் பலவற்றில் ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபருக்குள்ளேயே இருக்கும். மற்ற ஸ்பீக்கர்களின் பிளக் அந்தக் கம்பெனிக்கே உரியது. வயர்லெஸ் சப் என்றால் அந்த பாரோடு மட்டும்தான் சேரும். எங்கள் வீட்டில் முன்பு இருந்த ஒரு செட்டில் சப்புக்குள் இருந்த பவர் போர்டு போயிற்று. ஸ்பீக்கர்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். ஒரு போர்டுக்காக மொத்த செட்டும் பழைய சாமான் ஆனது.

ரிசீவரோடு சேரும் ஸ்பீக்கர் அப்படியல்ல. பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனைகள். எந்தக் கம்பெனி ரிசீவரும் அதை ஓட்டும். உள்ளே இருப்பது காயில், கெப்பாசிட்டர் மாதிரி சில எளிய பாகங்கள்தான், கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. கூம்பின் ஓரம் ரப்பரா, ஃபோமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். நம் கடலோர ஈரக்காற்றில் ஃபோம் உதிர்ந்துவிடும். உதிர்ந்தாலும் ஓரத்தை மாற்றித் தருபவர்கள் உண்டு. ரிசீவரில் முதலில் போவது பெரும்பாலும் எச்டிஎம்ஐ பகுதிதான். இடி மின்னல் நேரத்தில் டிஷ் கேபிள் வழியாக வரும் அடி அதற்கு எமன். அது போனாலும் பல சமயம் ஆப்டிகல் கேபிள் (டிவி ஒலியை ஒளியாகக் கொண்டுவருவது) வழியாக ஓட்டலாம். ரிசீவரே போய்விட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். விற்கும்போதும் இதே கதைதான்: ஸ்பீக்கரை ஜோடி ஜோடியாகத் தனியே விற்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். முதலில் ஒரு ரிசீவர், அலமாரியில் அடங்கும் ஒரு ஜோடி நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ரிசீவர் மெனுவில் சென்டர் (நடு ஸ்பீக்கர்) ‘இல்லை’ என்று வைத்தால் வசனத்தை அது முன் இரண்டிலும் பிரித்துக் கொடுத்துவிடும். அப்புறம் சப், சென்டர், கடைசியாகப் பின் ஜோடி. சப் வந்ததும் கிராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழுள்ள ஒலி சப்புக்குப் போய்விடுவதால் மற்றவை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. சோபா சுவரை ஒட்டி இருந்தால் பின் ஜோடியைத் தலைக்குப் பின்னால் திணிக்காமல், இரண்டு பக்கமும் காதுக்குச் சற்று மேலே மாட்டுங்கள். ஒயருக்குத் தனிச் செலவு வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பத்து மீட்டர் வரை தாராளம்.

புது ரிசீவர் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் தின்றுவிடும் என்பதால் நான் பழையது வாங்கினேன். பின்புறம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். ஜப்பான், அமெரிக்கா சரக்கு 100, 120 வோல்ட்டாக இருக்கும், நம் வீட்டுக் கரண்டில் நேரடியாக மாட்ட முடியாது. ஐந்து சேனலையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். யமஹாவின் ஒய்பிஏஓ, டெனானின் ஆடிஸி போன்ற, மைக் வைத்து அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் தானியங்கி அளவீடு உள்ள மாடல் என்றால் அதன் மைக்கையும் கேட்டு வாங்குங்கள். 4கே போகாத பழைய மாடல் என்றாலும், ஏஆர்சி (டிவி ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) இருந்தால் கவலை இல்லை. ஓடிடி ஸ்டிக்கை டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி வழியாக ரிசீவருக்கு எடுக்கலாம். ஏஆர்சியில் சாதாரண டால்பி 5.1 வந்துவிடும், ப்ளூரே டிஸ்கில் இருக்கும், தரம் குறையாத டால்பி வகையான ட்ரூஎச்டி மட்டும் வராது, அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

அசெம்பிள் பெட்டியை நான் உறவினர் வீட்டில் கேட்டதோடு சரி. நாள்பட வைத்துப் பார்த்ததில்லை. ஒலியைப் பெருக்கும் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகளோடு கட்டிய பெட்டி, பாட்டுக்கு அருமையாக முழங்கியது. ரிப்பேர் விஷயத்தில் ரிசீவரையும் மிஞ்சும்: டிரான்சிஸ்டர் போனால் தெருமுனைக் கடையிலேயே மாற்றிவிடலாம். அங்கே கவனிக்க வேண்டியது டால்பி ஒலியைத் தனித்தனி சேனலாகப் பிரிக்கும் டிகோடர் போர்டு. ஆப்டிகல் மட்டும் உள்ளதென்றால் ஓடிடி ஆப்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதன் வழியே போகாது. டிவி அதைச் சாதாரண டால்பியாக மாற்றித் தந்தால்தான் 5.1, இல்லையென்றால் வெறும் ஸ்டீரியோ. கட்டித் தருபவர் நம்பிக்கையானவர், கேட்பது பெரும்பாலும் பாட்டு என்றால் தாராளமாக எடுக்கலாம்.

அடிக்கடி வாடகை வீடு மாறுபவர்கள், சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாதவர்களுக்கு சவுண்ட்பார்தான் சரி. அப்படி வாங்கினால் தனிப் பின் ஸ்பீக்கர் உள்ளதாகப் பாருங்கள், வாரண்டி நீட்டிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.