பின்னால் வருவதாகச் சொன்ன வாகனம்: சைக்கிள் சுற்றுலாவுக்கு முற்பணம் கட்டவிருப்போர் கவனத்திற்கு

கண்டியில் புறப்பட்டு நுவரெலியா, எல்ல வழியாக மலையிறங்கி, திஸ்ஸமஹாராம வயல்வெளிகளைக் கடந்து, தென்கரையோரமாகக் கொழும்புக்குத் திரும்பும் ஆறு நாள் குழுச் சைக்கிள் பயணம் ஒன்றுக்காக, கடந்த பெப்ரவரியில் நாங்கள் எட்டுப் பேர் ஆளுக்கு 90,000 ரூபா செலுத்தினோம். பணம் வாங்கிய கொழும்பு முகவர் நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் முறைப்பாடு இன்னும் முடிவாகவில்லை என்பது ஒரு காரணம். மற்றது, நாங்கள் ஏமாந்த முறை அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை. பயணத்தை விற்றவர் ஒருவர், நடத்தியவர் இன்னொருவர் என்பது முதலாம் நாள் காலை கண்டியில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதற்குப் பின் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

விளம்பரத்தில் எங்களைக் கவர்ந்தது பாதையல்ல. பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. கடலிலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை ஊடாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியை யார் வேண்டுமானாலும் சொந்தமாக மிதித்துப் பார்க்கலாம். நாங்கள் காசு கொடுத்தது, குழுவின் கடைசி ஆளுக்குப் பின்னால் நாள் முழுவதும் வரும் என்று எழுதப்பட்டிருந்த வாகனத்துக்கும், அதில் இருப்பார் என்று சொல்லப்பட்ட திருத்துநருக்கும், மாற்றுச் சைக்கிள் இரண்டுக்கும்தான். எங்களில் இருவர் ஐம்பதைத் தாண்டியவர்கள்; ஏற்றம் முடியாவிட்டால் வாகனத்தில் ஏறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் சம்மதித்தார்கள். வாகனம் யாருடையது, யார் ஓட்டுவார் என்று வெள்ளவத்தையிலுள்ள அந்த முகவர் நிலையத்தில் வைத்து நான் கேட்டபோது, "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், நீங்கள் யோசிக்காதீங்கோ" என்றார் முகவர். அந்தப் பதிலோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். மாறாக, அவர் தந்த வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனியாள் ஒருவரின் பெயரில் இருப்பதைக் கண்டும், "கணக்காளரின் கணக்கு" என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டு முற்பணமாகப் பாதித் தொகையை அனுப்பி, பயணத்துக்கு முதல் நாள் மீதியையும் அனுப்பினேன். பற்றுச்சீட்டு என்று வந்தது வட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் மட்டுமே.

கண்டியில் எங்களை எதிர்கொண்டவர் ஒரு விருந்தினர் விடுதியின் சொந்தக்காரர். அவரிடம் இருந்த நிகழ்ச்சி நிரலில் திருத்துநரும் இல்லை, மாற்றுச் சைக்கிளும் இல்லை. வாகனம் என்று நின்றது மரக்கறி ஏற்றும் ஒரு சிறிய லொறி. வட்டு பிறேக் பூட்டிய மலைச் சைக்கிள்கள் என்று விளம்பரத்தில் கண்டவை, சில்லின் விளிம்பை ரப்பர் கட்டைகள் இறுகப் பிடிக்கும் பழைய வகை வாடகைச் சைக்கிள்களாக இருந்தன. என் பெரியப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறையானவர், இந்தப் பயணத்துக்காகவே ரொறன்ரோவிலிருந்து விடுமுறை எடுத்து வந்திருந்தவர். திரும்பிப் போவதா, தொடர்வதா என்று அரைமணி நேரம் கதைத்து, போன காசு போகட்டும், நாளும் போக வேண்டுமா என்று தொடர்ந்தோம்.

முதல் இரண்டு நாட்களையும் சுருக்கமாகவே சொல்லலாம். இறம்பொடைக்கு முன்பே மூவர் களைத்து வீதியோரம் அமர்ந்தார்கள். லொறியோ எங்கள் பைகளை இறக்குவதற்காக நுவரெலியாவுக்குப் போய்விட்டிருந்தது. சாரதி மலையகத்தைச் சேர்ந்த இளைஞர். அன்றிரவு நான் சற்றுக் கோபமாகக் கேட்டபோது, "எனக்குச் சொன்னது பைகளை ஏத்தி எறக்குறது மட்டுந்தாண்ணே, பின்னாலயே வரணும்னு யாரும் சொல்லல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு அவர் காதுவரை வந்து சேரவே இல்லை. இரண்டாம் நாள் சீதா எலிய, வெலிமடை வழியாகச் சென்ற சவாரி மட்டும், நேர்மையாகச் சொன்னால், அருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் எல்லவிலிருந்து வெல்லவாய வரையான இறக்கம். ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தூரத்துக்குள் வீதி 800 மீற்றருக்கும் மேலாகக் கீழே இறங்குகிறது. வளைவுகள் கூர்மையானவை, எதிரே பேருந்துகள் வரும். இத்தகைய இறக்கத்தில் பிறேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரப்பர் கட்டை வேகமாகத் தேய்வதுடன் சில்லின் விளிம்பும் சூடேறும், சூடு மிஞ்சினால் ரியூப் வெடிக்கவும் கூடும் என்பதால், விட்டு விட்டுப் பிடிப்பதே முறை. அதைத் தம்பி நன்கு அறிந்தவர். ஆனால் அவருடைய பின் பிறேக்கின் கட்டை புறப்படும்போதே கடைசித் தேய்வில் இருந்தது. இராவணா நீர்வீழ்ச்சியடியில் நாங்கள் நின்றபோது உலோகம் விளிம்பில் உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கட்டையை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஒரு சோடிக் கட்டையும் ஒரு சாவியும் போதும். அவை இரண்டும் எங்களிடம் இல்லை, இருக்க வேண்டிய வாகனமும் அருகில் இல்லை. தொலைபேசியில் அழைத்தால் லொறி தனமல்விலவைத் தாண்டிவிட்டிருந்தது. வழிகாட்டியாக வந்தவர் "மெதுவாக வாங்க, பிரச்சினை இல்லை" என்றார். முன் பிறேக்கை மட்டும் நம்பி இறங்கிய தம்பி, சரளைக்கல் சிதறிக் கிடந்த ஒரு வளைவில் முன்சில்லு வழுக்கி விழுந்தார். 1990 இலக்கத்துக்கு அழைத்தோம். இலவச அம்புலன்ஸ் வந்து அரசாங்க வைத்தியசாலையில் சேர்த்தது. மணிக்கட்டில் எலும்பு வெடித்திருந்தது. தலைக்கவசம் அவர் கனடாவிலிருந்து கொண்டுவந்தது. வாடகைச் சைக்கிளோடு தந்த கவசத்தின் நாடாக் கொளுவியோ பூட்டவே பூட்டாது.

கரையோரப் பகுதியை நாங்கள் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். தங்காலையில் நான்காம் நாள் மாலை சைக்கிள்கள் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றினார்கள். வெயில் அதிகம், ஏ2 வீதியில் பேருந்துத் தொல்லை, ஆகையால் மீதியை வான் வண்டியில் செல்லலாம் என்று வழிகாட்டி சொன்னார். உண்மைக் காரணம் சாரதியின் வாயிலிருந்து வந்தது: மறுநாள் காலை அதே சைக்கிள்கள் கண்டியில் வேறொரு குழுவுக்குத் தேவைப்பட்டன. அந்த வான் எங்களைக் காலி நகரப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது. ஆறு நாள் பயணம் ஐந்தாம் நாள் மதியத்தோடு முடிந்தது.

கொழும்பு முகவரிடம் போனால், சேவை வழங்கியது கண்டிக்காரர், அவரிடம் கேளுங்கள் என்றார். கண்டிக்காரரை அழைத்தால், தனக்கு ஆளுக்கு 40,000 ரூபாதான் கிடைத்தது, அதற்கு எதைச் செய்ய முடியுமோ அதைத்தான் செய்தேன் என்றார். அவருடைய சைக்கிளின் நிலையை நான் மன்னிக்கவில்லை; என்றாலும், எங்களுடைய 50,000 ரூபா எந்தச் சக்கரத்தையும் சுழற்றாமல் வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

எழுத்துமூல முறைப்பாட்டைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் தகவல் பெற 1977. எங்களிடம் பற்றுச்சீட்டு இல்லாததால், வங்கிப் பரிமாற்றப் பதிவையும், விளம்பரத்தின் படத்தையும், தேய்ந்த கட்டையின் படத்தையுமே சான்றாக இணைத்தோம். அந்த மூன்றாவது படத்தை வீதியோரத்தில் நின்று எடுத்தவர் தம்பிதான், விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு. முகவரும் வழிகாட்டியும் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்தவர்களா என்பதை முற்பணம் கட்டுவதற்கு முன் நான் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. வாகனத்தின் இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் எழுத்தில் கேட்டிருக்கலாம். அதைத் தர முடியாதவர் பயணத்தை நடத்துபவர் அல்லர் என்பது அப்போதே தெரிந்திருக்கும். சைக்கிளை வாங்கிய கையோடு பிறேக் கட்டையைக் குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும், அதையும் எட்டுப் பேரில் ஒருவரும் செய்யவில்லை.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கான விளம்பரம் இப்போது வந்திருக்கிறது. அதே படம், அதே "பின்தொடரும் வாகனம்", விலை மட்டும் 5,000 ரூபா கூடியிருக்கிறது. நண்பர் ஒருவரின் தொலைபேசியிலிருந்து அழைத்து, வாகனத்தை யார் ஓட்டுவார் என்று கேட்டேன். அதெல்லாம் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.