எட்டிமான்லைன்: மந்தையை விட்டு வந்த ஒரு சொல்லைக் கொண்டு ஒரு மதிப்பீடு

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேடுவோர் பலரும் அறிந்த ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி’, சுருக்கமாக எட்டிமான்லைன், அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த இணைய அகராதியாகும். கட்டணம் இல்லை. இதன் தரத்தைச் சோதிக்க, அன்றாடப் பேச்சில் அரிதாகவே வரும் ‘இக்ரீஜியஸ்’ என்னும் பெயரடையை எடுத்துக்கொண்டேன்.

இன்று இச்சொல், யாராலும் கவனிக்காமல் விட முடியாத அளவுக்கு மோசமான பிழையையோ முறைகேட்டையோ குறிக்கிறது. இலத்தீனிலோ ‘எக்ரெகியுஸ்’ என்றால் தலைசிறந்தவர். ‘எக்ஸ்’ என்பது வெளியே, ‘கிரெக்ஸ்’ என்பது மந்தை. மந்தையிலிருந்து மேலெழுந்து தெரிவது என்ற இம்மூலப் பொருளில் பழிப்பு ஏதும் இல்லை என்பதை அகராதி தெளிவாகவே சுட்டுகிறது. 1530களில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் புகழ்ச்சொல்லாகவே இருந்தது, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏளனமாகப் புகழப்போய் வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. இத்தாலியர்கள் இன்றும் முறையான கடிதங்களை ‘எக்ரேஜோ’ என்ற மதிப்புமிக்க விளியோடு தொடங்குவதுண்டு. அதையே ஆங்கிலக் கடிதத்தில் எழுதினால் பதில் வராது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சொல்லிலிருந்து அதன் மூல வேருக்குச் செல்லும் பக்கம். ஒன்றுசேர்த்தல் என்று பொருள்படும் ‘கெர்’ என்னும் இந்தோ-ஐரோப்பிய (இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் முதலியவற்றுக்குப் பொதுவான மூலமொழி) வேரிலிருந்து, கூட்டத்தை நாடும் ‘கிரிகேரியஸ்’, மந்தையிலிருந்து பிரித்து ஒதுக்கும் ‘செக்ரிகேட்’ ஆகியவற்றோடு, கிரேக்கர்கள் கூடிய ‘அகோரா’வும் கிளைத்திருப்பதை அங்கே காணலாம். நாம் சாதாரணமாக வகை என்ற பொருளில் வழங்கும் ‘கேட்டகரி’கூட, அந்த அகோராவில் ஒருவர்மீது குற்றஞ்சாட்டிப் பேசியதிலிருந்து பிறந்ததாம்.

குறை இருக்கிறது. ஏளனத்தால் பொருள் மாறியது என்று சொல்லும் பதிவு, அவ்வேளனம் தெரியும் ஒரு வரியைக்கூட மேற்கோளாகத் தரவில்லை. அறிஞர்கள் பலரின் ஆய்வுகளைச் சுருக்கித் தரும் தொகுப்பு என்பதால், எந்தச் செய்தி யாருடையது என்பதும் பெரும்பாலும் பதிவிலேயே தெரிவதில்லை. ஆண்டுகளையும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். அவை எழுத்தில் எஞ்சிய முதற்சான்றின் தோராயமான காலமே என்றும், அதற்கு முன்பே அச்சொல் பேச்சில் வழங்கியிருக்கலாம் என்றும் அகராதியே எச்சரிக்கிறது. ஆண்டு வரிசையில் மேற்கோள்களோடு பொருள்மாற்றத்தைப் பின்தொடர விரும்புவோர் ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதிக்கே செல்ல வேண்டும். அதை முழுமையாகப் படிக்கச் சந்தாவோ, சந்தா செலுத்தும் நூலகமொன்றின் உறுப்பினர் அட்டையோ தேவைப்படும்.