வால்வு ஆம்ப் கிட்: டிரான்ஸ்பார்மர் நன்று, ஃபீட்பேக்கில் பேராசை

நாமே பூட்டிக்கொள்ளும் இந்த ஆம்ப்ளிஃபையர் கிட்டில் (ஈஎல்84 வால்வுகள் ஜோடியாக மாறி மாறி வேலை செய்யும் புஷ்புல் வகை) சேஸி அருமை, டிரான்ஸ்பார்மர்களும் கனமாக, நன்றாகவே இருக்கின்றன. ஆனால் 20 டெசிபெல் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளே திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இந்த வடிவமைப்புக்குத் தாங்காது. 8 ஓம் சுமையில் சோதனைக்குக் கொடுத்த 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை ஒழுங்காக வருகிறது, இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டதும் அலையின் ஓரம் நடுங்குகிறது. தானே ஒரு கெப்பாசிட்டர் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் மாட்டினால் கேட்கவே வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (சுருள்களுக்கு இடையே முழுதாக இணையாத காந்தப்புலத்தால் வருவது) உயர் அதிர்வெண்ணில் ஃபேஸை, அதாவது அலையின் நேர நிலையைத் திருப்ப, நெகட்டிவ் மெல்ல பாசிட்டிவ் பக்கம் சாய்கிறது. ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாக 100 பிகோஃபாரட் வைத்தேன், கொஞ்சம் அடங்கியது. அப்புறம் அந்த ரெசிஸ்டரைப் பெரிதாக்கி 12 டெசிபெல்லுக்கு இறக்கினேன், நடுக்கம் போய்விட்டது. கையேட்டில் இது பற்றி ஒரு வரி இல்லை. டிரான்ஸ்பார்மரின் செகண்டரி (ஸ்பீக்கர் பக்க) வயர்களை மாற்றி இணைத்தால் ஊளையிடும் என்றாவது எழுதியிருக்கலாம்! அலை வடிவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.