ஐசியூவுக்கு வந்த புது டிரான்ஸ்டியூசர் செட்: டியூப் அருமை, கிளாம்ப் மோசம்

வடசென்னையில் நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் வரும் ஆஸ்பத்திரி எங்களுடையது. ஆர்ட் லைன் (தமனிக்குள் சின்னக் குழாய் போட்டு பிரஷரை விடாமல் அளப்பது) போட்டால் டிரான்ஸ்டியூசர் செட்டும், அதாவது அந்த அழுத்தத்தை சிக்னலாக மாற்றி மானிட்டருக்கு அனுப்பும் கருவியும் அதன் டியூப்பும், பில்லில் ஏறும், அதனால் சர்ஜிக்கல் டீலர் விலை குறைந்த உள்நாட்டு செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஐசியூ டெக்னீஷியனாக எனக்கு சந்தோஷம்தான். கம்பெனி பெயர் வேண்டாம். எந்த கம்பெனி செட்டாக இருந்தாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

முதலில் டியூப். நல்ல விறைப்பு, கண்ணாடி மாதிரி தெளிவு, எங்கே சின்னக் குமிழி நின்றாலும் தெரிகிறது. டியூப் தொளதொளவென்று இருந்தால் நாடியின் அலை வரும் வழியிலேயே அமுங்கிப்போய், மானிட்டரில் டிரேஸ் (அலைக்கோடு) மொட்டையாக வரும், சிஸ்டாலிக், அதாவது மேல் பிரஷரைக் குறைத்துக் காட்டும். குமிழி நின்றாலும் அதே கதிதான். இந்த செட்டில் ஃப்ளஷ்ஷை இழுத்துவிட்டால், அதாவது சலைனைச் சட்டென்று வேகமாகப் பாய்ச்சிச் சோதித்தால், மானிட்டரில் சதுர அலை நேராக ஏறி இறங்கி, ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடுகிறது. எனக்கு அது போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சலைன் பையில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு, டியூப்பை மெதுவாக நிரப்பி முடித்த பிறகுதான் பிரஷர் பேக்கை (சலைன் பையை அழுத்தும் உறை) 300 மி.மீ.க்கு ஏற்ற வேண்டும், முதலிலேயே ஏற்றிவிட்டு நிரப்பினால் குமிழி வந்தே தீரும். பாக்கெட்டில் கூடுதலாக ஒரு எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறார்கள், அதை மாட்டாதீர்கள், நீளம் கூடக்கூட டிரேஸ் கெடும்.

த்ரீவே (மூன்று வழித் திருகு வால்வு) எல்லாம் லூயர் லாக், திருகினால் இறுக்கமாக நிற்கிறது. தமனியில் போட்ட லைன் கழன்றால் ரத்தம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். டியூப்பில் சிவப்புக் கோடும் இருக்கிறது, அவசரத்தில் யாரும் ஐவி என்று நினைத்து மருந்து ஏற்றிவிடக் கூடாதே.

இப்போது குறை. டிரான்ஸ்டியூசரை ஐவி ஸ்டாண்டில் பிடித்து வைக்கும் கிளாம்ப் வழுக்குகிறது. நான் நோயாளியின் நாலாவது விலா இடைவெளி, நடு அக்குள் கோட்டுக்கு நேராக, அதாவது இதய மட்டத்தில் வைத்து ஜீரோ பண்ணிவிட்டுப் போனேன், அடுத்த ரவுண்டில் வந்து பார்த்தால் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. சின்ன விஷயம் என்று விட முடியாது. 10 செ.மீ. இறங்கினால் 7 மி.மீ.க்கு மேல் பிரஷர் கூடுதலாகக் காட்டும். செப்சிஸ் (கடும் தொற்று) நோயாளிக்கு எம்ஏபி, அதாவது சராசரி பிரஷர், 65க்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம், அவருக்கு உண்மையில் 60 இருக்கும், மானிட்டர் 67 என்று சொல்லும், சரி தேறிவிட்டார் என்று டியூட்டி டாக்டர் பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் நாரட்ரினலின் மருந்தைக் குறைப்பார். மணிக்கட்டில் ஊசி குத்தி வலியைக் கொடுத்து லைன் போடுவதே ஒவ்வொரு துடிப்புக்கும் சரியான நம்பர் வேண்டும் என்பதற்காகத்தானே? “கையில பட்டை கட்டித்தான் பாக்குறீங்களே சிஸ்டர், இது எதுக்கு?” என்று கேட்கும் வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் சொல்லும் பதிலும் அதுதான்.

ஆகவே செட்டை வாங்கலாம், கிளாம்ப்பை மட்டும் பழைய இரும்பு கிளாம்ப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். கட்டிலை ஏற்றி இறக்கினாலோ நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தாலோ மறுபடி லெவல் பாருங்கள், எந்த செட்டுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, ஆர்டர் கொடுக்கும் முன் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். எட்வர்ட்ஸ் வகை, அபாட் வகை, யூட்டா வகை என்று கனெக்டர் ஒவ்வொன்றும் வேறு, ஒன்றுக்கொன்று மாட்டாது. டீலரிடம் கேபிளை போட்டோ எடுத்து அனுப்பி, ஒரு செட்டை உங்கள் மானிட்டரிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தமனிக்குள் போகும் கானுலா இந்த பாக்கெட்டில் வராது, பெரியவர்களுக்கு 20 கேஜ் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.